ஐந்து பேர், பதினெட்டு நிமிடம், ஒரு வார்த்தைகூட இல்லை

இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. எழுதியவருக்கு வயது 41. மென்பொருள் வேலை, மனைவி, ஒன்பது வயதில் ஒரு மகள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2007 முதல் 2009 வரை மெல்போர்னில் முதுகலை படித்திருக்கிறார். ஊர் புதிது, பேச ஆள் கிடையாது. அறைத்தோழர் ஒருவர் சொல்லி ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடத் தொடங்கினார். ஆயிரக்கணக்கானோர் இணையம் வழியாக ஒரே கற்பனை உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரமாக வாழும் விளையாட்டு அது. அங்கே முப்பது பேர் கொண்ட ஒரு கில்டில் சேர்ந்தார். அதாவது ஒரு நிரந்தரக் குழு. எதிரியின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ‘டேங்க்’ வேலை இவருடையது. கில்டை நடத்தியவர் நியூசிலாந்தில் ஒரு நர்ஸ், வயது ஐம்பதை ஒட்டி.

“2008 தீபாவளி இரவு அறையில் தனியாக இருந்தேன். இன்றைக்கு எங்கள் ஊரில் பண்டிகை என்று கில்டு அரட்டையில் ஒரு வரி போட்டேன். அரை மணி நேரத்தில் பதினொரு பேர் விளையாட்டில் வரும் ஸ்டார்ம்விண்ட் நகரத்து வாசலில் கூடிவிட்டார்கள். விளையாட்டுக்குள் விற்கும் ராக்கெட் வெடிகளை வாங்கி வந்து ஒவ்வொருவராக விட்டார்கள். என்ன இனிப்பு செய்வீர்கள் என்று அந்த அக்கா கேட்டார். ரவா லட்டு செய்முறையைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். மறுவாரம் செய்து பார்த்துவிட்டு, உடைந்து போகிறது, நெய் போதவில்லையா என்று கேட்டார்.”

போன வருடம் பழைய ஆசையில் மறுபடி சந்தா கட்டியிருக்கிறார். இப்போது டன்ஜனுக்கு, அதாவது ஐந்து பேர் சேர்ந்து எதிரிகளை வெல்ல வேண்டிய நிலவறைக்கு, போக யாரையும் தேட வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் முகம் தெரியாத நான்கு பேரோடு சேர்த்து நேராக நிலவறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. பதினெட்டு நிமிடத்தில் முடிகிறது. முடிந்த நொடியில் எல்லோரும் மறைந்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்: 31 டன்ஜன், எல்லாவற்றிலும் சேர்த்துப் பேசப்பட்டது ஏழே வரி. அப்புறம் கணினியே ஆட்டுவிக்கும் துணைவர்களோடு போகும் வசதியையும் முயன்று பார்த்தார். நடுவில் பால்காரர் மணி அடிக்க, எழுந்து போய் வாங்கி வந்தால், அந்தப் பொம்மைத் துணைவர்கள் நால்வரும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். “மனிதர்கள் ஒருநாளும் இப்படி எனக்காக நின்றதில்லை என்று தோன்றியது. அன்று இரவு தூக்கம் வரவில்லை” என்கிறார்.

அவரை அதைவிட உறுத்துவது வேறு. போன மாதம் ஒரு டன்ஜனில் ஹீலர், அதாவது மற்றவர்களின் காயத்தை ஆற்றுபவர், புதியவர், மெதுவாக ஆடினார். அவரை வெளியேற்றலாமா என்று ஒரு வாக்கெடுப்புப் பெட்டி திரையில் வந்தது. இவர் ‘ஆம்’ அழுத்திவிட்டார். “ஏன் அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. 2008-ல் நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை.”

பக்கத்து அறையிலிருந்து வந்த மனைவி கேட்டது: “யாரோடவும் பேசல, சிரிக்கல. எதுக்கு அங்க உக்காந்திருக்கீங்க?” இவரிடம் பதில் இல்லை.

கடைசியில் நான்கு கேள்விகள். அந்தப் பொத்தான் வசதிதானே எல்லாவற்றையும் கொன்றது? நான் கெட்டுப்போய்விட்டேனா? நண்பர் ஒருவர் பழைய பதிப்பை அப்படியே ஓட்டும் தனியார் சர்வருக்குக் கூப்பிடுகிறார், போகலாமா? 41 வயதில் ஒரு விளையாட்டுக்குள் நண்பர்களைத் தேடுவது அசிங்கமா?

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, இதில் அசிங்கம் துளியும் கிடையாது. அன்று அந்தப் பதினொரு பேர் வாங்கிவிட்ட ராக்கெட் கணினிப் படம்தான், ஆனால் உங்களுக்காக வந்து நின்றவர்கள் நிஜமான மனிதர்கள். அது நட்புதான். அது போன துக்கமும் நிஜமானதுதான். ‘வெறும் கேம்’ என்று யார் சொன்னாலும் அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

நானும் இதைக் கொஞ்சம் உள்ளே இருந்து பார்த்தவள். கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து ‘ரக்னராக் ஆன்லைன்’ ஆடியிருக்கிறேன். அதில் சண்டை முடிந்தால் பாத்திரம் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் உயிரும் மந்திர சக்தியும் சீக்கிரம் ஏறும். அப்படி உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் கைக்கு வேலை இல்லை, ஆனால் காசு ஓடிக்கொண்டிருக்கிறது. பேசாமல் என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த நாடு, என்ன படிக்கிறார், இன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று ஆரம்பிக்கும். பிரோன்டெரா நகரத்தில் வணிகப் பாத்திரங்கள் தள்ளுவண்டியோடு வரிசையாகக் கடை விரித்திருக்கும். ஒரு பொருள் வேண்டுமென்றால் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். அந்த அலைச்சலில் தெரிந்த முகங்கள் உண்டாயின. விளையாட்டை வடிவமைத்தவர்கள் இதையெல்லாம் நட்பு வளரட்டும் என்று திட்டமிட்டார்களோ என்னவோ, நடந்தது அதுதான்.

நீங்கள் இழந்தது எது?

2008-ல் ஒரு டன்ஜனுக்குப் போக என்னவெல்லாம் செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நகரத்து அரட்டையில் ‘டேங்க் இருக்கிறேன், ஹீலர் வேண்டும்’ என்று கூவ வேண்டும். ஆள் சேர நாற்பது நிமிடம்கூட ஆகும். அப்புறம் அந்த இடத்துக்குப் பயணம். யாராவது இருவர் முன்னால் போய் வாசலில் இருக்கும் கல்லைத் தொட்டால்தான் மற்றவர்களை அங்கிருந்தே வரவழைக்க முடியும். ‘நான் முன்னால போறேன், நீங்க மெல்ல வாங்க’ என்று ஒருவர் சொல்வார். ஹீலருக்கு நடுவில் குழந்தை அழும், எல்லோரும் காத்திருப்பீர்கள். ஒருவர் நன்றாக ஆடினால், நாளைக்கும் வருவீர்களா என்று கேட்பீர்கள், ஏனென்றால் நாளைக்கும் இந்த நாற்பது நிமிடம் கூவ உங்களுக்குத் தெம்பு இல்லை.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவரிடம் கேட்டே ஆக வேண்டிய தேவை, அதுவும் அதே ஆளிடம் மறுபடி மறுபடி. 2009 டிசம்பரில் வந்த ‘டன்ஜன் ஃபைண்டர்’ என்ற அந்தப் பொத்தான் எடுத்துக்கொண்டது இந்தத் தேவையைத்தான். பல சர்வர்களில், அதாவது அதே விளையாட்டு உலகத்தின் தனித்தனிப் பிரதிகளில், இருக்கும் ஆட்களைக் கலந்து குழு அமைத்தது, பயணத்தை நீக்கியது, முடிந்ததும் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பியது. இன்று கூட ஆடியவரை நாளைக்குச் சந்திப்போம் என்ற நிச்சயம் போய்விட்டது.

அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பு ஒன்றில், யார் யாரோடு நட்பாகிறார்கள் என்று லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1950-ல் வெளியிட்டார்கள். படிக்கட்டு அடியிலும் தபால் பெட்டிக்குப் பக்கத்திலும் வீடு வாய்த்தவர்களுக்கு நண்பர்கள் அதிகம் இருந்தார்கள். குணத்தால் அல்ல, எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது என்பதால். உங்கள் டன்ஜன் வாசலில் இருந்த அந்தக் கல்லும் ஒரு தபால் பெட்டிதான். யாரும் அங்கே சிநேகம் பிடிக்கப் போகவில்லை, காரியத்துக்குப் போனார்கள்.

உங்கள் விளையாட்டில் மட்டும் நடந்ததல்ல இது. 1999-ல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டில் தூர ஊருக்குப் போக ‘ட்ரூயிட்’, ‘விசார்ட்’ பாத்திரங்களிடம் கேட்டு, அவர்களுடைய மந்திரத்தில் போக வேண்டும். அதற்குக் கூலி உண்டு, நன்றி உண்டு, பழக்கம் உண்டு. 2002-ல் எல்லா ஊருக்கும் வாசல் உள்ள ஒரு நடுநகரத்தை நிறுவனம் திறந்துவிட்டது. பயணம் எளிதானது. அந்த மந்திரக்காரர்களைக் கூப்பிட ஆளில்லாமல் போனது.

ஆனால் அந்த வசதி மட்டும் குற்றவாளி அல்ல

இங்கே உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘அந்த ஒரு பொத்தான்தான் எங்கள் கில்டைக் கலைத்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், 2009 நடுவிலேயே இருவர் படிப்பு முடித்துப் போனார்கள், ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, அந்த அக்காவுக்கு இரவு ஷிப்ட் மாறியது, ஞாயிற்றுக்கிழமை ரெய்டு (பெரிய குழுவாகச் சேர்ந்து போகும் சண்டை) நின்றுபோனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். டன்ஜன் ஃபைண்டர் வந்தபோது நீங்கள் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கில்டைக் கலைத்தது வாழ்க்கை. நீங்கள் திரும்பி வந்தபோது புதிய கில்டு முளைக்கவிடாமல் தடுத்ததில்தான் அந்த வசதிக்குப் பங்கு இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், கோபத்தில் பாதி துக்கம் என்று தெரியும். துக்கத்தைத் துக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, அந்தக் காலத்தில் எல்லோரும் கூடிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. உங்கள் விளையாட்டையே ஆராய்ந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. நிக்கோலா டுஷெனோவும் சகாக்களும் செய்தது. பெரும்பாலானோர் சக ஆட்டக்காரர்கள் சூழ இருந்தாலும் அதிக நேரம் தனியாகத்தான் ஆடினார்கள் என்று அது காட்டியது. டன்ஜன் ஃபைண்டர் வருவதற்கு மூன்று வருடம் முன்னால். உங்களுக்கு ஒரு நல்ல கில்டு வாய்த்தது. அது வாய்க்காதவர்கள் எத்தனையோ பேர் அதே நகரத்தில் கூவிக் கூவி ஓய்ந்தார்கள். 2009 வாக்கில் ‘கியர்ஸ்கோர்’ என்றொரு துணைநிரல் பரவியது ஞாபகம் இருக்கிறதா? ஆளின் உடைமைகளைக் கூட்டி ஒரு எண் சொல்லும். இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் வராதே என்பார்கள். புதியவருக்கு வாசலே திறக்காது.

மூன்றாவது, கேட்க வேண்டியிருப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரியான அனுபவம் அல்ல. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் இப்படிப்பட்ட விளையாட்டுகளை விரும்பி ஆடுபவர். ‘மைக்கில் பேசு, போட்டோ அனுப்பு, அப்போதான் கூட்டிட்டுப் போவேன்’ என்று கேட்டவர்களை நான்கு வருடம் சகித்திருக்கிறார். யாரிடமும் கேட்காமல் உள்ளே போகும் பொத்தான் வந்த நாள் தனக்கு விடுதலை நாள் என்றார். திக்கிப் பேசுபவருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், இரவு ஷிப்டுக்காரருக்கும் அப்படித்தான்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு குழாய். விடியற்காலை நாலரைக்கு அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பார். தெருவில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, யாருக்கு உடம்பு சரியில்லை எல்லாம் அங்கேதான் தெரியும். வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தது, அந்தப் பேச்சு நின்றது. அம்மாவிடம் ஒருமுறை, அந்தக் குழாயடிக்கு ஏங்குகிறீர்களா என்று கேட்டேன். “அந்தப் பேச்சுக்கு ஏங்கறேன்டி. குடத்துக்கு இல்ல” என்றார். இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னார். உங்கள் நாற்பது நிமிடக் கூவலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை ஞாபகம் வருகிறது.

நீங்கள் ஏங்குவதும் பேச்சுக்குத்தான். குடம் சுமக்காமல் அது கிடைக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சில இடங்களில் கிடைத்திருக்கிறது. 2012-ல் வந்த ‘கில்டு வார்ஸ் 2’ எதிரியை வென்றால் கிடைக்கும் கொள்ளைப் பொருளை ஆளுக்குத் தனித்தனியாகக் கொடுத்தது, யார் விழுந்து கிடந்தாலும் வழியில் போகிறவர் எழுப்பிவிடலாம் என்று வைத்தது. இன்னொருவர் வருவது நஷ்டமாக இல்லாமல் நல்லதாகத் தெரியும்படி செய்த வசதி அது. 2013-ல் புதுப்பித்து வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ விளையாட்டிலும் உங்களுடையது போன்ற பொத்தான் உண்டு. ஆனால் குழுவில் ஒருவருக்கு அது முதல்முறை என்றால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசு. அதனால் புதியவரைக் கண்டால் முகம் சுளிக்காமல் வரவேற்கக் காரணம் கிடைக்கிறது.

அந்த ஹீலர்

நீங்கள் கெட்டுப்போகவில்லை. ஆனால் நீங்கள் செய்தது சின்ன விஷயம் என்றும் நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் உங்களுக்கே அது சின்னதாகப் படவில்லை.

பழைய சர்வரில் ஒரு ஹீலரை நடுவில் துரத்தியிருந்தால் உங்கள் பெயர் அங்கே சுற்றியிருக்கும். மறுநாள் அவரையே நகரத்தில் எதிர்கொள்ள நேர்ந்திருக்கும். அதைவிட, துரத்த வேண்டுமென்றால் ‘போங்கள்’ என்று யாராவது சொல்லியாக வேண்டும். இப்போது அந்தச் சொல்லே தேவையில்லை. ஒரு பெட்டி வருகிறது, இரண்டு பொத்தான், யார் அழுத்தினார்கள் என்று அவருக்குத் தெரியாது. மனிதரை மனிதராகப் பார்க்க வைக்கும் தடங்கல் எல்லாம் துடைக்கப்பட்ட இடத்தில், நல்ல மனிதர்களும் அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிடுவார்கள். அது விளக்கம்தான், மன்னிப்பு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் நிற்க நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

அந்த ஹீலரைத் தேடிப் பிடிக்க வேண்டாம். அடுத்த முறை பெட்டி வந்தால் உடனே எதையும் அழுத்தாதீர்கள். அரட்டையில் ஒரே ஒரு வரி போடுங்கள்: ‘ஹீலர் புதியவர் போல, நான் மெதுவாகப் போகிறேன்.’ நீங்கள் டேங்க். குழு எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் நோட்டில் இருக்கும் அந்த ஏழு வரியில் எத்தனை நீங்கள் ஆரம்பித்தவை என்றும் பாருங்கள். ‘வணக்கம், எல்லோருக்கும் இது பழகிய இடம்தானா?’ என்று முதலில் நீங்கள் கேட்டால், நான்கில் மூன்று தடவை பதில் வராது. அது உங்கள்மேல் வெறுப்பு அல்ல. அவர்களுக்கும் பால்காரர் மணி அடித்துக்கொண்டிருக்கலாம்.

முன்னால் இருக்கும் வழிகள்

தனியார் சர்வர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் அடிப்படையைச் சொல்லலாம். இந்த விளையாட்டுகளில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான். பாத்திரமும் உடைமையும் நிறுவனத்துக்குச் சொந்தம். உரிமம் இல்லாமல் யாரோ நடத்தும் சர்வரில் அந்த அளவு பிடிமானம்கூட உங்களுக்குக் கிடையாது. ‘நாஸ்டல்ரியஸ்’ என்ற பெயரில் பழைய பதிப்பை ஓட்டிய ஒரு சர்வர் மிகப் பிரபலமாக இருந்தது. நிறுவனத்தின் சட்ட அறிவிப்பு வந்ததும் 2016 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். அங்கே வளர்த்த பாத்திரத்தோடு, அங்கே பிடித்த சிநேகமும் சிதறியது. ஏற்கெனவே ஒரு கில்டை இழந்த உங்களுக்கு அந்தச் சிதறல் இன்னொரு தடவை வேண்டாம். இதையும் மீறிப் போவதாக இருந்தால், உங்கள் வழக்கமான மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் அங்கே கொடுக்காதீர்கள், ‘நன்கொடை’ என்று கேட்டால் அட்டை விவரத்தைத் தராதீர்கள்.

பழையது வேண்டுமென்றால் நேர் வழியே இருக்கிறது. 2019 ஆகஸ்டிலிருந்து நிறுவனமே ‘கிளாசிக்’ பதிப்பை நடத்துகிறது, உங்கள் சந்தாவிலேயே அதையும் ஆடலாம். ஆனால் அங்கே 2008 கிடைக்கும் என்று போகாதீர்கள். பொத்தான் இல்லாத இடத்தில் ஆட்டக்காரர்களே பொத்தான் செய்துகொண்டார்கள். நகரத்துக் கூவலை எல்லாம் பட்டியலாகத் தொகுத்துக் காட்டும் துணைநிரல் வந்தது, டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஆள் சேர்த்தார்கள், வேகமாக நிலை ஏறும் வழியை எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டு வந்தார்கள். கிளாசிக்கின் அடுத்தடுத்த பதிப்புகளில் ஒன்றான ‘ராத் கிளாசிக்’ 2022-ல் வந்தபோது டன்ஜன் ஃபைண்டரை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். மறு வருடமே கொண்டுவந்தார்கள். ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ கதையும் இதேதான். பழைய அலைச்சலுக்காகவே 2013-ல் திறந்த விளையாட்டு அது. தெருவில் நின்று கூவி விற்பதற்குப் பதிலாகப் பொதுச்சந்தை வேண்டுமா என்று ஆட்டக்காரர்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். வேண்டும் என்றார்கள். 2015-ல் வந்தது. நாமே கேட்டு வாங்குகிறோம், அப்புறம் நாமே ஏங்குகிறோம். இதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அம்மாவும் இணைப்புக்கு மனு கொடுத்தவர்தான்.

கிளாசிக்கில் ‘ஹார்ட்கோர்’ சர்வர்கள் 2023 ஆகஸ்டிலிருந்து இருக்கின்றன. அங்கே பாத்திரம் செத்தால் செத்ததுதான். அதனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் பழக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதை ஒரு மாதம் முயன்று பார்க்கலாம்.

ஆனால் எந்த சர்வர் என்பதைவிட, யாரோடு எத்தனை மணி நேரம் என்பதுதான் முக்கியம். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், புது ஊருக்குப் போனவர்களிடமும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களிடமும் நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்குப் பார்த்தார். அறிமுகம் சாதாரண நட்பாக ஏறத்தாழ 50 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். மெல்போர்னில் வாரத்துக்கு 15 மணி நேரம் அதே ஆட்களோடு ஆடியதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றரை மாதத்தில் 200 மணி நேரம் தாண்டிவிடும்.  இப்போது பதினெட்டு நிமிட டன்ஜனில் அந்த 200 மணி நேரத்தை எட்ட வேண்டுமென்றால் 660 டன்ஜனுக்கு மேல் போக வேண்டும். போகலாம்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு நான்கு பேர். கணக்கு ஏறவே ஏறாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். உங்களுக்கு வாரத்தில் இருப்பது மூன்று இரவு, மொத்தம் நாலரை மணி நேரம். அதில் ஒரு இரவை ஒரே கில்டுக்கு ஒதுக்குங்கள். குறித்த நாளில் குறித்த நேரத்தில் கூடும் கில்டாகப் பார்த்துச் சேருங்கள். ஆட்டத் திறமையைப் பார்க்காதீர்கள், ரெய்டு முடிந்த பிறகு அரட்டை எத்தனை நேரம் நீள்கிறது என்று பாருங்கள். சேர்ந்து வேலை செய்த நேரத்தைவிடச் சும்மா பேசிக்கிடந்த நேரம்தான் நெருக்கத்துக்கு அதிகம் உதவியது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இரண்டு மாதத்தில் மெல்போர்ன் திரும்பிவிடாது. நாலரை மணி நேரத்தில் ஒரு இரவு என்றால் 50 மணி நேரம் சேரவே எட்டு மாதம் ஆகும். உங்களுக்கு வயது 23 அல்ல, ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. அது தோல்வி இல்லை, நேரக் கணக்கு, அவ்வளவுதான்.

வீட்டில்

உங்கள் மனைவி கேட்டதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது அக்கறையாகப் படுகிறது. ஆடாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். தீபாவளி ராக்கெட் கதையை அவரிடம் சொன்னதுண்டா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. சொல்லுங்கள். எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அதுதான் பதில், உங்களிடம் பதில் இருக்கிறது.

இது அடிமைத்தனமா என்றும் ஓரிடத்தில் அடைப்புக்குறிக்குள் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022-லிருந்து நடைமுறையில் இருக்கும் 11-ஆவது பதிப்பில், ‘கேமிங் டிசார்டர்’ இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முதலிடம், பாதிப்பு கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது, இந்த நிலை பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது என்பவை அதன் அடையாளங்கள். வேலைக்குச் சரியாகப் போகிறீர்கள், மகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறீர்கள், வாரத்தில் மூன்று இரவு ஆடுகிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதில் எதுவும் பொருந்தவில்லை. தூங்காத இரவு ஒன்றல்ல, அடிக்கடி வருகிறது என்றால் மட்டும் உங்கள் ஊரிலேயே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். தனிமை சில சமயம் மனச்சோர்வின் முதல் வாசல், கடிதத்தை வைத்து அதை நான் தீர்மானிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த அக்காவின் மின்னஞ்சல் முகவரி இன்னும் இருக்கிறது, பதினாறு வருடம் கழித்து எழுதினால் விசித்திரமாக இருக்காதா என்று கேட்டிருந்தீர்கள். நான் அறுபத்தைந்து வயதை ஒட்டிய ஒரு ஓய்வுபெற்ற நர்ஸாக இருந்து, என் கில்டில் இருந்த ஒரு பையன் இப்போது ஒரு பெண் குழந்தைக்கு அப்பா என்று எழுதினால், அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படிப்பேன். ஒருவேளை முகவரி மாறியிருக்கலாம், பதில் வராமல் போகலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நியூசிலாந்து நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே கோடை என்றால் ஏழரை. சனிக்கிழமை ராத்திரி மகள் தூங்கிய பிறகு அனுப்பினால், ஞாயிறு காலை அவர் எழும்போது இருக்கும். லட்டுக்கு நெய் போதாமல் இல்லை, ரவை சூடாக இருக்கும்போதே பிடித்திருக்க வேண்டும் என்று மறக்காமல் எழுதுங்கள்.